நாகைக் கலங்கரை விளக்கமும் எங்கள் வீட்டு மாடக்குழியும்

ஐந்திணைகளுள் நெய்தலைப் பாடநூலில் மட்டுமே கண்டு வளரும் ஊர் எங்கள் திண்டுக்கல். ஒருபுறம் சிறுமலை, மறுபுறம் கொடைமலைத் தொடர், நடுவே வானம் பார்த்த சமவெளி. அச்சமவெளியின் நடுவில் திண்டு போலக் கிடக்கும் மொட்டைப் பாறையும் அதன்மேல் நாயக்கர் எழுப்பிய கோட்டையுமே எங்களுக்கு ஊர் அடையாளம். வெளியூர் சென்று திரும்புவோர் பேருந்தின் சன்னல் வழியே அப்பாறையைக் கண்டதும் மூட்டை முடிச்சுகளைச் சேர்க்கத் தொடங்குவர். பூட்டும் தோலும் சுருட்டும் அறிந்த இம்மண்ணில் பிறந்த ஒருவன் கடற்கரைப் பட்டினம் ஒன்றையும் அதன் விளக்கையும் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் எங்கள் குடும்பத்தின் வரலாற்றில் பாதி, நாகப்பட்டினக் கரையில்தான் நின்றுபோயிற்று. ஆதலின் இதனை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று எண்ணுகிறேன்.

சொல்லும் பொருளும்

இளங்கலை இரண்டாம் ஆண்டில், 1998ஆம் ஆண்டு என்று நினைவு, எங்கள் பேராசிரியர் ஒரு தேர்வு வைத்தார். 'கலங்கரை விளக்கம்' என்ற தொடரைப் பிரித்துப் பொருள் எழுதுமாறு ஒரு வினா. கலங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் விளக்கு என்று எழுதினேன். அது தவறாக இருக்கக்கூடும் என்ற ஐயமே எனக்கு எழவில்லை. விடைத்தாள் திரும்பி வந்தபோது 'கரை' என்னும் சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு வட்டம் இருந்தது. ஓரத்தில், 'இங்கே கரை பெயரன்று. வினை' என்று எழுதியிருந்தார்.

கரைதல் என்றால் அழைத்தல். காக்கை தன் இனத்தைக் கரைந்து அழைக்கிறது என்கிறோமே, அந்தக் கரைதல். எனவே கலங்கரை விளக்கம் என்பது கலத்தை அழைக்கின்ற விளக்கு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் இத்தொடர் இடம் பெற்றுள்ளது. அதற்கும் முற்பட்ட பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனின் நாட்டுக் கடற்றுறையைக் காட்டுமிடத்து, வானளாவிய மாடம் ஒன்றைப் பாடுகிறார். ஏணி சார்த்தியும் ஏறுதற்கு அரிய உயரம் அதற்கு. கூரை வேயப்படாத அதன் உச்சியில் இரவில் மூட்டிய தீ, கடலில் ஓடும் கலங்களை அழைக்கும் என்கிறார் புலவர். ஒலியால் அழைப்பதற்குரிய சொல்லை ஒளிக்கு ஏற்றிச் சொல்லியுள்ள நுட்பம் எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

அன்று இலக்கணம் விளங்கிற்று. பொருள் விளங்க மேலும் சில ஆண்டுகள் ஆயின. அது விளங்கிய விதத்தைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரபு மொழியிலும் இதற்கு இணையான ஒரு செய்தி உண்டு. பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் உயர்ந்து நிற்கும் கோபுரத்தை நாம் மினாரா என்கிறோம். 'மனாரா' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது அது. ஒளியைக் குறிக்கும் 'நூர்', நெருப்பைக் குறிக்கும் 'நார்' ஆகிய சொற்கள் பிறந்த அதே வேரில் பிறந்ததாதலின், மனாரா என்பதற்கு ஒளியின் இடம் என்பதே முதற்பொருள். கலங்கரை விளக்கத்தையும் அரபியர் இச்சொல்லாலேயே குறிப்பர். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுந்து உலக அதிசயங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட அலெக்சாந்திரியா விளக்கை 1326ஆம் ஆண்டில் இப்னு பதூதா கண்டபோது அதன் ஒரு பக்கம் சிதைந்திருந்தது. 1349ஆம் ஆண்டில் மீண்டும் சென்றபோது வாயிலை அணுகவும் இயலாதவாறு அது இடிந்து கிடந்ததாக எழுதியுள்ளார். அவர் அதனைச் சுட்டிய சொல்லும் மனாராதான்.

தமிழன் ஒளி தரும் கோபுரத்திற்கு அழைப்பின் பெயரை இட்டான். அரபியன் அழைப்பு விடுக்கும் கோபுரத்திற்கு ஒளியின் பெயரை இட்டான். இவ்விரு சொற்களும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து நிற்கும் இடம் நாகையும் நாகூரும்.

பட்டினத்தின் பழமை

நாகப்பட்டினத்தின் வரலாறு நெடியது. திருநாகைக் காரோணம் என்று தேவார மூவரும் பாடிய தலம் அது. வலையில் அகப்படும் முதல் மீனை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்து, ஒருநாள் பொன்மீன் அகப்பட்டபோதும் அதனை அவ்வாறே விட்ட அதிபத்த நாயனார் அவ்வூர்ப் பரதவர் குலத்தவர்.

முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிசய நாட்டு மன்னன் சூளாமணிவர்மன் இங்கே புத்த விகாரம் ஒன்றை எடுக்கத் தொடங்க, அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்துத் தந்தையின் பெயரால் சூளாமணி விகாரம் என வழங்கச் செய்தான். சைவனாகிய சோழன் அப்புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாக அளித்தான். அச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் ஆலந்து நாட்டின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. அவ்விகாரம் எடுத்த மன்னனைச் செப்பேடு கடாரத்து அரசன் எனக் குறிக்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரனின் கப்பற்படை சென்று வென்றதும் அக்கடாரமே.

நாகையில் 1856ஆம் ஆண்டு முதல் பல்வேறு காலங்களில் ஏறத்தாழ 350 புத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. புத்த சமயத்தின் எச்சமாக நெடுங்காலம் நின்ற செங்கற் கோபுரம் ஒன்றினை ஐரோப்பியர் 'சீனக் கோபுரம்' என்று அழைத்தனர். சர் வால்டர் எலியட் 1878ஆம் ஆண்டில் அதனைப் பற்றி எழுதினார். அக்கோபுரம் நாகைத் துறையை நாடி வரும் கப்பல்களுக்கு அடையாளமாக விளங்கியது. 1867ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. வழிபடுவோர் இல்லாதொழிந்த பின்னரும், சமயம் எதுவாயினும் கடலிலிருந்து நோக்கும் மாலுமிக்கு அது வழி காட்டிக்கொண்டே இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

போர்த்துக்கீசியர் கையிலிருந்த நாகையை 1658ஆம் ஆண்டில் ஆலந்தரும், 1781ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். ஆங்கிலேயர் காலத்தில் தென்னிந்தியாவின் தொடக்ககால இருப்புப்பாதைகளுள் ஒன்று நாகைத் துறையிலிருந்து புறப்பட்டது. 1861ஆம் ஆண்டில் தஞ்சையையும் 1862ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியையும் எட்டிய அப்பாதை, 1875ஆம் ஆண்டில் திண்டுக்கல் வழியாக மதுரையைச் சென்றடைந்தது. கடலறியாத எங்கள் ஊரைக் கடலோடு பிணைத்தது அந்த இரும்புப் பாதையே. அந்தப் பாதையில்தான் எங்கள் நன்னா சென்றார்.

நாகூர் மினாராக்கள்

நாகையின் வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் நாகூர். பதினாறாம் நூற்றாண்டில் வடநாட்டு மாணிக்கப்பூரிலிருந்து வந்து இங்கே தங்கி வாழ்ந்து மறைந்த ஷாகுல் ஹமீது நாயகம் அவர்களின் அடக்கவிடம் அங்குள்ளது. கடலில் ஓட்டை விழுந்து தத்தளித்த கப்பலை அவர் காத்ததாக வழங்கும் கதையைக் கேளாத தமிழ் முஸ்லிம் குடும்பம் அரிது. தர்காவின் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்ததாகிய பெரிய மினாரா 131 அடி உயரமுடையது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். சைவச் சோழன் புத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்த அதே கரையில், இந்து மன்னர் ஒருவர் முஸ்லிம் பெரியவருக்குக் கோபுரம் எழுப்பினார். மீன்பிடித்துத் திரும்பும் பரதவர் இன்றும் அம்மினாராக்களைப் பகற்குறியாகக் கொள்கின்றனர்.

தமிழுக்கும் அவ்வூர் தன் பங்கை அளித்துள்ளது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908), நாகூர்ப் புராணமும் புலவராற்றுப்படையும் இயற்றியவர். சைவப் பெரும்புலவரின் திண்ணையில் ஒரு முஸ்லிம் மாணவர் அமர்ந்து யாப்புக் கற்றார் என்பதை வகுப்பில் கூறும்போதெல்லாம் என் குரல் சற்றே உயர்ந்துவிடும்.

நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலம் நாகையிலிருந்துதான் புறப்படும். அதில் கப்பல் வடிவில் அணி செய்த ஊர்திகளும் வரும். கடல் கடந்த தமிழ் முஸ்லிம்கள் தாம் சென்ற இடங்களிலும் நாகூரின் நினைவாக மாடங்கள் எழுப்பினர். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828–1830 ஆண்டுகளில் கட்டப்பட்டது ஒன்று. பினாங்கின் சூலியா தெருவில் மற்றொன்று. தர்காக்கள் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்வாதத்தில் நான் இங்கே இறங்கவில்லை. இளமையில் ஒருமுறை இறங்கினேன். அதைச் சொல்லத்தான் போகிறேன்.

நன்னா சென்ற கப்பல்

என் தாயைப் பெற்ற நன்னா 1955ஆம் ஆண்டில் பினாங்கு சென்றார். சென்னையிலிருந்து நாகை வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைகளுக்கு அந்நாளில் ஓடிய 'ரஜூலா' என்னும் கப்பல் எங்கள் வட்டாரத்தில் வீட்டுப் பெயர் போல வழங்கிற்று. 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. பெரிய கப்பல்கள் நாகையில் கரையை அணைய இயலாது. கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகுகளில் சென்று ஏறுவர். திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து நன்னியும் கைக்குழந்தையோடும் ஏழு வயது மகளோடும், அதாவது என் தாயோடும், வழியனுப்பச் சென்றார். படகு அலையில் ஏறி இறங்கிச் சிறுத்துப்போகும் வரை கரையில் நின்றார். பகல் முழுதும் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் இரவில்தான் புறப்பட்டது.

நன்னாவின் கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. நன்னி குர்ஆன் ஓதுவாரேயன்றித் தமிழ் எழுத்து அறியார். எனவே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள் முதல் அக்கடிதங்களைப் படித்துக் காட்டும் பணி என்னைச் சேர்ந்தது. முதற் கடிதத்தில் நன்னா எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். கப்பல் புறப்பட்ட பின் மேல்தளத்தில் நின்று நாகைத் துறையின் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும், ஊரும் மரமும் மினாராவும் மறைந்த பின்னரும் அது ஒன்று மட்டும் விட்டுவிட்டுத் தெரிந்ததாகவும், அது மறைந்த பிறகே கீழே சென்று படுத்ததாகவும் எழுதியிருந்தார். ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதும் வேலை. வெள்ளிக்கிழமைகளில் சூலியா தெரு நாகூர் மாடத்தைக் கடந்து செல்லும்போது நம்மூர் முகங்களைக் காண்பதாகவும் ஒரு கடிதத்தில் உண்டு.

வரலாற்று வகுப்பில் பினாங்கு 1786ஆம் ஆண்டு வரை கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்று படித்தபோது எனக்கு ஒரு திகைப்பு. மன்னன் கடாரம் கொண்டான். எங்கள் நன்னாவைக் கடாரம் கொண்டது.

1961ஆம் ஆண்டில் அவர் ஒருமுறை ஊர் வந்து ஆறு மாதம் தங்கினார். பிறகு 1967ஆம் ஆண்டில், அடுத்த கப்பலில் வருகிறேன் என்று எழுதிய கடிதம் வந்து இரண்டு மாதம் கழித்து, கடை முதலாளியிடமிருந்து ஓர் உறை வந்தது. காய்ச்சலில் இறந்துவிட்டார், அங்கேயே நல்லடக்கம் செய்தாயிற்று என்று இருந்தது. நன்னிக்கு அப்போது முப்பத்தேழு வயது.

1988ஆம் ஆண்டில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நன்னி என்னை நாகூருக்கு அழைத்துச் சென்றார். திருச்சியில் வண்டி மாறி, மறுநாள் காலை நாகையில் இறங்கினோம். கடலைக் கண்டு நான் கூவிக் குதித்தேன். நன்னி கடலைப் பார்க்கவில்லை. துறைமுகத்தின் பக்கம் கையை நீட்டி, "அந்தா, அதான் அத்தா, உங்க நன்னா எழுதியிருந்தாகல்ல, அந்த வெளிச்சம்" என்றார். பகலில் விளக்கு எரியவில்லை. வெறுங்கோபுரம் எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது.

மாடக்குழி

எங்கள் வீட்டின் தெருப்பக்கச் சுவரில், வாசலுக்கு வலப்புறம், ஒரு மாடக்குழி உண்டு. வியாழக்கிழமை மக்ரிப் தொழுகை முடிந்ததும் நன்னி அதில் ஒரு சிறு சிம்னி விளக்கை ஏற்றி வைப்பார். மின்விளக்குகள் வந்த பிறகும் இது நிற்கவில்லை. குழியின் மேற்பகுதி கரிபிடித்துக் கறுத்திருந்தது.

2000ஆம் ஆண்டில் நான் முதுகலை மாணவன். சில சிறு நூல்களைப் படித்து, எது மார்க்கம், எது வழக்கம் என்று பிரித்துப் பார்க்கும் ஆர்வம் மேலோங்கியிருந்த வயது. அவ்வார்வம் தவறன்று. ஆனால் அதனை எங்கே, யாரிடம், எந்தக் குரலில் வெளியிடுவது என்ற அறிவு எனக்கு இல்லை. ஒரு வியாழக்கிழமை மாலை, விளக்கேற்றிக் கொண்டிருந்த நன்னியிடம், "இறந்துபோனவருக்கு விளக்கு எதற்கு? அவர் எழுந்து வரப்போகிறாரா? மார்க்கத்தில் இதற்கு இடமில்லை. எண்ணெய்தான் வீண்" என்றேன். நண்பர்கள் இருவர் உடன் இருந்தனர். அவர்கள் கேட்கவேண்டும் என்றே சற்று உரக்கச் சொன்னேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நன்னி மறுமொழி கூறவில்லை. கையிலிருந்த தீக்குச்சி எரிந்து முடியும் வரை பார்த்துவிட்டுக் கீழே போட்டார். அடுத்த வியாழன் மாடக்குழி இருண்டிருந்தது. அதற்கடுத்த வியாழனும் அவ்வாறே. வென்றுவிட்டதாக எண்ணினேன். 2001ஆம் ஆண்டு ரமலானில் நன்னி இறந்தார்.

மறு ஆண்டு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். வேலைக்கு வந்தவர் கரிபிடித்த குழியைக் காட்டி, "இதை அடைச்சுப் பூசிரலாமா?" என்று கேட்டார். "அடைத்துவிடுங்கள்" என்றேன். உள்ளிருந்து அம்மா வெளியே வந்து, "அதுல கை வைக்காதீக" என்றார். அவர் குரலில் நான் அதுவரை கேளாத கடுமை இருந்தது.

அன்று மாலை அம்மா சொன்னார். 1961ஆம் ஆண்டில் நன்னா ஊர் திரும்பியது நள்ளிரவு வண்டியில். தெருவில் அந்நாளில் விளக்கில்லை. ஆறாண்டில் பக்கத்து வீடுகள் சில மாறியிருந்தன. கையில் பெட்டியோடு தம் வீடு எது என்று தெரியாமல் இரண்டு வீடு தள்ளி ஒரு கதவைத் தட்டிவிட்டார். அவ்வீட்டார் திருடன் என்று கூச்சலிட, ஊரே கூடிவிட்டது. பிறகு சிரித்துச் சிரித்து விடிய வைத்தார்களாம். மீண்டும் கப்பலேறப் புறப்பட்ட அன்று நன்னா சொல்லிச் சென்றார்: வாசலில் ஒரு விளக்கு வை, வந்தால் நம் வீடு என்று தெரிந்துகொள்வேன். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் நன்னி விளக்கு வைத்தார். இறப்புச் செய்தி வந்த பின் நாள்தோறும் வைப்பதை விட்டு, வெள்ளி இரவுக்கு மட்டும் வைத்தார்.

"உங்க நன்னா சொல்லிட்டுப் போனாகன்னு வச்சாக. நீ சொன்னேன்னு விட்டுட்டாக" என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

நன்னி அந்த விளக்கை இறந்தவருக்கான வழிபாடாக ஏற்றவில்லை. மார்க்கத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை. தொலைவில் உள்ள ஒருவருக்கு, உன் இடம் இதுதான் என்று காட்டும் குறி அது. விடைத்தாளில் சிவப்பு வட்டமிட்டுப் பேராசிரியர் எழுதிய 'வினை' என்ற சொல் அன்றுதான் எனக்குப் பொருள்பட்டது. கரைதல் அந்த வீட்டில் முப்பத்தொன்பது ஆண்டு நடந்திருக்கிறது. அதை ஒரு மாலையில், நண்பர் இருவர் முன்னிலையில், நிறுத்தியவன் நான்.

விளக்கு எரியும் முறை

பணியில் சேர்ந்த முதல் ஆண்டின் இறுதியில், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரை அடக்கம் செய்யச் சமய வேறுபாடு பாராமல் நாகூர் தர்கா தன் நிலத்தை அளித்ததைச் செய்தித்தாள்கள் எழுதின. சனவரியில் நாட்டு நலப்பணித்திட்ட மாணவர்களோடு துணி மூட்டைகளும் அரிசியும் கொண்டு நான் சென்றபோது, கரையில் படகுகள் வீடுகளின் மேல் கிடந்தன. கடலை நோக்கி அமர்ந்திருந்த பெண்களைக் கண்டேன். அவர்களிடம் எதுவும் பேசும் துணிவு எனக்கு வரவில்லை.

இருபதாண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டில், முதுகலை மாணவர்களோடு நாகைக்குக் கல்விச் சுற்றுலா சென்றேன். இருள் கவியும் நேரம் கடற்கரையில் அமர்ந்தோம். விளக்கின் ஒளி சுழலத் தொடங்கிற்று. பெரும்பாணாற்றுப்படை மாடத்துத் தீயிலிருந்து தொடங்கி, மாமல்லபுரத்தில் ஓலக்கண்ணேசுவரர் கோயிலின் மேல் விளக்கேற்றிய காலம், அதனருகே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கற்கோபுரம், 1822ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் வகுத்த அடுக்குக் கண்ணாடி வில்லை என்று விளக்கிக்கொண்டு வந்தேன். சிறிய சுடரின் ஒளி நாலாபுறமும் சிதறிப் போகாமல் ஒரே கற்றையாகத் திரட்டிப் பல கடல்மைல் தொலைவுக்கு அனுப்புவது அவ்வில்லையின் வேலை. ஒவ்வொரு விளக்கும் இத்தனை நொடிக்கு இத்தனை மின்னல் என்று தனக்கெனத் தனிக்கணக்கு உடையது. மாலுமி அக்கணக்கை எண்ணி, இது நாகை, இது கோடியக்கரை என்று அறிவான். எல்லா விளக்கும் ஒன்றுபோல் எரிந்தால் அவற்றால் பயனில்லை. தன் வீட்டு விளக்கை அறிந்துகொள்ளும் அதே முறைதான்.

மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, கப்பல் வராத நாளிலும் இது எரியுமா?"

எரியும் என்றேன். ரஜூலா 1973ஆம் ஆண்டில் ஓய்ந்தது. அதன்பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985ஆம் ஆண்டில் தீப்பிடித்ததோடு மலேயா, சிங்கப்பூர்ப் பயணிகள் போக்குவரத்து முடிந்தது. நாகையிலிருந்து பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட 2023 அக்டோபர் 14 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்று இலங்கையின் காங்கேசன்துறைக்குத் தொடங்கிய போக்குவரத்து இடையில் நின்று, 2024 ஆகத்தில் மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட அந்த நாற்பதாண்டும் இவ்வூரில் மாலை தோறும் விளக்கு ஏற்றப்பட்டது. பயணிகள் கப்பல் இல்லையாயினும் பரதவர் படகுகள் உண்டு. எவர் வருவார் என்று அறிந்து எவரும் விளக்கு ஏற்றுவதில்லை.

இவ்வளவும் மாணவியிடம் சொன்னேன். மாடக்குழியைப் பற்றிச் சொல்லவில்லை. அதை இம்மலரில் எழுதுகிறேன். மாணவச் செல்வங்களே, சொல்லின் பொருளை அகராதியில் தேடுங்கள், உரையாசிரியரிடம் தேடுங்கள். வீட்டில் உள்ள முதியவர் ஒன்றைச் செய்யக் காணும்போது, அது ஏன் என்று முதலில் கேளுங்கள். உங்கள் கருத்தை அதன் பிறகு சொல்லலாம். நான் வரிசை மாற்றிச் செய்தேன். திருத்தி எழுத எனக்கு வேறு விடைத்தாள் கிடைக்கவில்லை. வல்ல இறைவன் நன்னாவையும் நன்னியையும் பொருந்திக் கொள்வானாக.

சுற்றுலா முடிந்து நாங்கள் திண்டுக்கல் சேர்ந்தபோது பின்னிரவு இரண்டு மணி. மாணவிகளை விடுதியில் சேர்த்துவிட்டுப் பேகம்பூர்த் தெருவுக்குள் நடந்தேன். எல்லா வீடுகளும் இருண்டிருந்தன. எங்கள் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் தட்டுமுன் உள்ளிருந்து அம்மா, "வந்துட்டியாத்தா?" என்றார்.